டோக்கன் அக்காவும் பேசாத பெட்டியும்

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பேர் இருக்கத்தான் செய்தது. ஆனால் டாக்டர்களிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் அந்த ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவர் டோக்கன் அக்காதான். காலை எட்டு மணிக்கு வெளிநோயாளிகள் கூடத்தில், முன்வரிசைக்கு எதிரே, ஒரு சின்ன மேஜையில் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு நிற்பார். நம்பர், பேர், எந்த அறை என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுவார். சொன்னால் கூடத்தில் தூங்குகிறவர்கூட எழுந்து நிற்பார். பத்தொன்பது வருஷமாக அதுதான் அவர் வேலை. "அக்கா ஒருதரம் கூப்பிட்டா பாதி வியாதி பயந்து ஓடிடும்" என்று நர்ஸுகள் சொல்லிச் சிரிப்பார்கள். அக்காவுக்கு அதில் உள்ளூரப் பெருமை உண்டு.

அந்தப் பெருமை பழைய கட்டடத்தோடு போயிற்று. புதுக் கட்டடத்தில் கூடம் மூன்று மடங்கு நீளம். கூரை எங்கேயோ உயரத்தில் இருந்தது. தரையெல்லாம் பளிங்கு மாதிரி ஓடு, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, மேலே இருபத்திரண்டு மின்விசிறி. திறந்த அன்றைக்கு எல்லாரும் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். அக்கா முதல் டோக்கனைக் கூப்பிட்டார். குரல் நேரே கூரைக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. கீழே இறங்கி வந்தது வெறும் இரைச்சல்தான்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், மதியம் ஒன்றரை மணி இருக்கும். டாக்டர்கள் எழுந்து போய்விட்டார்கள். அக்கா பட்டியலை மடித்துக்கொண்டு கூடத்தின் பின்பக்கம் வழியாகச் சாப்பிடப் போனார். கடைசி பெஞ்சில் வயதான ஒருவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கை விரல்களைப் பார்த்தாலே சிமெண்டில் உழைத்தவர் என்று தெரியும். கொத்தனார்.

"ஐயா, யாருக்காக உக்காந்திருக்கீங்க?"

"எனக்காகத்தாம்மா. முப்பத்தேழாம் நம்பர். இன்னும் கூப்பிடலை."

அக்கா மடித்த பட்டியலைப் பிரித்துப் பார்த்தார். முப்பத்தேழைப் பத்தரை மணிக்கே மூன்று தடவை கூப்பிட்டாயிற்று. பட்டியலில் அந்தப் பேருக்கு நேரே 'வரவில்லை' என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார்.

"கூப்பிட்டேனே ஐயா, மூணு தரம்."

"அப்படியா? காதுல விழலியேம்மா. விழுந்திருந்தா வராம இருப்பேனா? ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்."

அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. மறுநாள் காலை அக்கா அவரை முதல் ஆளாக உள்ளே அனுப்பினார். பெரிதாக ஒன்றுமில்லை, மாத்திரையோடு போய்விட்டார். ஆனால் அக்காவுக்கு மனசு ஆறவில்லை. அன்றிலிருந்து தினமும் டாக்டர்கள் எழுந்த பிறகு பின் பெஞ்சுகளில் ஒரு நடை நடந்து, 'வரவில்லை' என்று எழுதிய பேர்களை ஒவ்வொருவராகக் கேட்டார். ஒரே வாரத்தில் பதினோரு பேர் அகப்பட்டார்கள். வந்து, உட்கார்ந்து, காத்திருந்து, கூப்பிட்டது கேட்காமல் போனவர்கள். எல்லாரும் நடக்க முடியாதவர்களும் காது மந்தமானவர்களும்தான். முன் பெஞ்சுக்கு முண்டியடித்து வர முடியாதவர்களுக்குத்தானே பின் பெஞ்சு.

அக்கா அப்போது செய்ததை யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். இன்னும் கொஞ்சம் கத்தினார். அடுத்த நாள் அதைவிடக் கத்தினார். நான்காவது வாரம் திங்கட்கிழமை காலை பதினாலாம் நம்பரைக் கூப்பிட வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

தொண்டை டாக்டரம்மா அதே ஆஸ்பத்திரிதான். குழாய் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குரல் நாண் ரெண்டும் வீங்கிச் சிவந்து கிடக்கு. பத்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னு பேசறதும் கூடாது, அது இன்னும் கெடுதல். அதுக்கப்புறமும் இந்த மாதிரி கத்தினீங்கன்னா நான் பொறுப்பில்லை."

பெரிய டாக்டர், அதாவது ஆஸ்பத்திரிக்கே தலைவர், அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். கெட்டவரில்லை. நாற்காலியில் உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

"பத்து நாள் லீவு எடுத்துக்கோங்க. திரும்பி வந்ததும் கோப்பு அறைக்கு மாத்திடறேன். அங்கே பேசவே வேணாம். கூடத்துக்கு எப்படியும் நம்பர் காட்டற பெரிய திரை வரப்போகுது."

அக்கா பையிலிருந்து நோட்டை எடுத்தார். எழுதினார்: 'திரை எப்போது வரும்?'

"எழுதிப் போட்டிருக்கோம். வந்துடும்."

'பின் பெஞ்சில் பாதிப் பேருக்குக் கண் தெரியாது. படிக்கவும் தெரியாது.' அதன் கீழே இன்னொரு வரி: 'லீவு வேண்டாம். கோப்பு அறையும் வேண்டாம். ஸ்டோரில் ஒரு மைக் பெட்டி இருக்கிறது. அதைச் சரி செய்கிறேன்.'

பெரிய டாக்டர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அதுவா? யாரோ அன்பளிப்பாக் கொடுத்தது. அது ஓடலைன்னு சொன்னாங்களே."

அக்கா பேனாவை மூடிவிட்டு எழுந்து நின்றார். பதில் அவ்வளவுதான் என்று பெரிய டாக்டருக்குப் புரிந்துவிட்டது. "சரி, பத்து நாள். அதுவரைக்கும் ஒரு நர்ஸை விட்டு டோக்கன் கூப்பிடச் சொல்றேன். அதுக்குள்ள ஆகலைன்னா நான் சொன்னபடி கேக்கணும்" என்றார்.

வீட்டில் அக்காவின் கணவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். விஷயத்தை நோட்டில் படித்துவிட்டு மோவாயைத் தடவினார். "கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் நம்ம வீட்டு ரேடியோ என்ன பாடுதுன்னு எனக்குக் கேக்குது" என்றார். அக்கா நோட்டாலேயே அவர் தோளில் ஒன்று போட்டார். பிறகு அவர் சொன்னார்: "நீ பிடிச்சா உடும்புப் பிடின்னு எனக்குத் தெரியாதா? ஸ்க்ரூடிரைவர் பெட்டி பரண்ல இருக்கு. எடுத்துத் தரேன்."

ஸ்டோர் கீப்பர் ஒல்லியான மனுஷர். எந்தப் பொருளைக் கேட்டாலும் முதல் பதில் "இல்லை" என்பதுதான். இரண்டாவது தடவை கேட்டால் தேடுவார். மைக் பெட்டியைக் காட்டியதும் கையை விரித்தார்.

"அக்கா, அது செத்து ரெண்டு வருஷமாச்சு. பிணத்துக்கு வைத்தியம் பாக்கப்போறீங்களா?"

பெட்டி இடுப்பு உயரம். அடியில் இரண்டு சக்கரம், இழுத்துப்போக ஒரு கைப்பிடி, முன்னால் ஒலிபெருக்கி, மேலே திருகுகள். கம்பியில்லாத மைக் இரண்டு தனி அட்டைப் பெட்டியில் இருந்தன. மேலே இருந்த தூசியைத் துடைக்கவே ஒரு துணி செலவானது. அக்கா முதலில் எதையும் கழற்றவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, எங்கே எந்தப் பொத்தான், எந்த ஓட்டை, எந்த எழுத்து என்று நோட்டில் படம் வரைந்தார்.

கரண்டில் செருகினால் சிவப்பு விளக்கு எரிந்தது. பிடுங்கினால் அந்த நிமிஷமே அணைந்தது. கூடத்தின் நடுவே வயர் ஓட விட்டால் ஊன்றுகோலோடு வருகிறவர்கள் இடறி விழுவார்கள். ஆக, உள்ளே இருக்கும் பேட்டரியை நம்பித்தான் அது ஓட வேண்டும். பின்பக்கம் எட்டுத் திருகாணி. கழற்றினால் உள்ளே செங்கல் மாதிரி ஒரு பேட்டரி, வயிறு உப்பிக் கிடந்தது. ஒருநாளும் சார்ஜ் போடாமல் மூலையில் வைத்ததில் பட்டினி கிடந்தே செத்திருக்கிறது. சிவப்பு வயர் எங்கே, கறுப்பு வயர் எங்கே என்று வரைந்துகொண்டு அக்கா அதை வெளியே எடுத்தார். மேலே இருந்த எண்களை நோட்டில் பெரிதாக எழுதி ஸ்டோர் கீப்பரிடம் நீட்டினார்.

"இல்லை."

அக்கா நோட்டை மறுபடியும் நீட்டினார். அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே போனார். அரை மணி கழித்து, பல்பு உடைந்து ஓரம் கட்டிய ஒரு அவசர விளக்கோடு வந்தார். அதற்குள் அதே அளவு, அதே எண் போட்ட பேட்டரி இருந்தது. அன்று மாலை வரை சார்ஜ் ஏறியது. வயரைப் பிடுங்கியும் விளக்கு அணையவில்லை.

அடுத்து மைக். ஒரு மைக்கின் அடிப்பகுதியைத் திருகித் திறந்தால், உள்ளே விட்டுவைத்த பேட்டரிகள் கசிந்து, தகடெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. சமையலறை வினிகரைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அந்தப் பூச்சைக் கரைத்தார், உலர்த்தினார், அழிரப்பரால் தகடு பளபளக்கும் வரை தேய்த்தார். புது பேட்டரி போட்டதும் மைக்கின் நெற்றியில் சின்னத் திரை எரிந்தது. ஆனால் சத்தம் வரவில்லை.

இங்கேதான் சிக்கல். மைக்கைச் சோதிக்க யாராவது பேச வேண்டும். அக்கா பேசக் கூடாது. நகத்தால் வலையைச் சுரண்டிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. ஸ்டோர் கீப்பர் கையில் மைக்கைக் கொடுத்தார். பேசு என்று சைகை காட்டினார்.

"என்னத்தைப் பேச?"

அக்கா தோளைக் குலுக்கினார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஊசி இல்லை. பஞ்சு இல்லை. கையுறை இல்லை" என்று ஆரம்பித்தார். வாய்க்கு வந்தது அதுதான். பெட்டி மௌனம் சாதித்தது. "பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே."

அக்கா மைக்கின் இடுப்பில் இருந்த சுவிட்சைப் பார்த்தார். அதற்கு இரண்டு நிலை இல்லை, மூன்று. நடுவில் நின்றால் விளக்கு எரியும், வாய் மட்டும் கட்டியிருக்கும். மேலே தள்ளினார். அப்போதும் மௌனம்தான். பிறகுதான் அலைவரிசை எண் மைக் திரையில் மூன்று என்றும் பெட்டியின் திரையில் ஒன்று என்றும் இருப்பது கண்ணில் பட்டது. ஒருத்தர் ஒரு தெருவில் கூப்பிட, இன்னொருத்தர் வேறு தெருவில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் எப்படி? இரண்டையும் ஒன்றாம் எண்ணுக்குக் கொண்டுவந்தார்.

"துணி இல்லை" என்றார் ஸ்டோர் கீப்பர். அந்தச் சொல் அறை முழுக்க இடித்தது. அவர் மைக்கைக் கீழே போடாதது அதிர்ஷ்டம். ஒரு நிமிஷம் கழித்து, வெட்கத்தோடு, "என் குரல் இப்படியா இருக்கு?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவராகவே தினமும் மதியம், "அக்கா, சோதனை எத்தனை மணிக்கு?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

பெட்டி பேசியது. ஆனால் கூடத்துக்குக் கொண்டுபோனால் ஊளையிட்டது. அக்காவின் மேஜைக்குப் பின்னால் பெட்டியை வைத்து, முன்னால் நின்று ஸ்டோர் கீப்பர் பேசினதும் கீஈஈ என்று ஒரு சத்தம். பல் கூசியது. கூட்டம் காதைப் பொத்தியது. ஒரு குழந்தை அழுதது. அக்கா அன்று சாயங்காலம் காலிக் கூடத்தில் பெட்டியை இங்கேயும் அங்கேயும் இழுத்து வைத்து, ஒவ்வொரு இடத்திலும் எந்த அளவு சத்தத்தில் ஊளை தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டார். பெட்டியிலிருந்து வருவதையே மைக் திரும்பக் கேட்கிறது, கேட்டதையே பெட்டி மறுபடி சொல்கிறது, அதுதான் சங்கதி. பெட்டி எப்போதும் மைக்குக்கு முன்னால் இருக்க வேண்டும், முதுகைக் காட்டிக்கொண்டு. மைக் வாயை ஒட்டி இருக்க வேண்டும். அப்படி இருந்தால் சத்தத்தை ஏற்ற வேண்டியதே இல்லை.

பெட்டியைக் கூடத்தின் நடுப்பகுதிக்குத் தள்ளினார். ஊளை நின்றது. காலிக் கூடத்தில் கணீரென்று இருந்தது. காலையில் ஐந்நூறு பேர் வந்து உட்கார்ந்ததும் பேச்சு விட்டு விட்டு வந்தது. "நம்பர் இருபத்... அறை எண்... " என்று விக்கியது. எட்டாவது நாள் அது. ஸ்டோர் கீப்பர், "பேட்டரியா இருக்கும்" என்றார். இல்லை. அக்கா பக்கவாட்டில் நின்று கவனித்துக்கொண்டே இருந்தார். யாராவது கூட்டமாக எழுந்து நின்றால் விக்குகிறது, உட்கார்ந்தால் தெளிகிறது. மனுஷ உடம்பே குறுக்குச் சுவர். போதாததற்கு ஸ்டோர் கீப்பர் மைக்கின் வாலை, ஆன்டெனா இருக்கும் இடத்தை, உள்ளங்கையால் பொத்திப் பிடித்திருந்தார். அக்கா அவர் கையை எடுத்து நடுவில் பிடிக்க வைத்தார். அதில் பாதி சரியானது. மீதிப் பாதிக்குப் பெட்டி தலைகளுக்கு மேலே போக வேண்டும்.

கூடத்தின் பக்கச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு இரும்புத் தட்டு அடித்துக் காலியாக இருந்தது. வரப்போகும் திரைக்காக வைத்தது. அக்கா பெரிய டாக்டர் அறைக்குப் போனார்.

'அந்தத் தட்டு வேண்டும்.'

"அது திரைக்கும்மா. நாளைக்கே வந்துட்டா?"

'வந்த அன்றைக்கு நானே இறக்குகிறேன்.' அவர் யோசிப்பதைப் பார்த்து இன்னொரு வரி எழுதினார்: 'நேற்று பின் பெஞ்சில் நான்கு பேர்.'

பெரிய டாக்டர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் இரண்டு பணியாளர்கள் ஏணி வைத்துப் பெட்டியைத் தூக்கி, கூடத்தின் பின்பாதியைப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் சாய்த்து வைத்தார்கள். தட்டுக்குப் பக்கத்திலேயே சுவரில் பிளக் பாயிண்ட் இருந்ததால் சார்ஜுக்கும் வழி பிறந்தது.

பதினோராம் நாள். டாக்டரம்மா தொண்டையைப் பார்த்து, "பேசலாம், மெதுவா" என்றார். பெரிய டாக்டர் தூணோரம் வந்து நின்றிருந்தார். அக்கா மைக்கை நடுவில் பிடித்து, வாயருகே கொண்டுபோனார். பத்து நாள் பேசாத வாய். பயமாகத்தான் இருந்தது. மூச்சை இழுத்தார். அவர் பேசும் முன்னாலேயே பெட்டியிலிருந்து கனத்த ஆண் குரல் ஒன்று அதட்டியது:

"முதல்ல உள்ளங்கை. அப்புறம் விரல் இடுக்கு. நகக்கண்ணை மறக்கவே கூடாது."

கூடத்தில் ஐந்நூறு பேரும் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து கழுவப் போயேவிட்டார். பெரிய டாக்டர் புருவத்தை உயர்த்தினார். ஸ்டோர் கீப்பர், "அக்கா, சத்தியமா நான் இல்லை" என்றார்.

அக்கா ஒரு நொடிதான் திகைத்தார், குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது. மைக்கை மேஜையில் வைத்தார், படிக்கட்டுக்கு நடந்தார். மாடியில் நர்ஸ் மாணவிகளுக்கு வகுப்பு. பத்து நாளாகப் பரீட்சை விடுமுறை, இன்றைக்குத்தான் திறந்திருக்கிறார்கள். வாத்தியார் கையிலும் கம்பியில்லாத மைக், அதே ஒன்றாம் எண். அக்கா கதவருகே நின்று மெல்லச் சொன்னார்.

"சார், உங்க பாடம் கீழ நல்லா நடக்குது. கொஞ்சம் கூட்டம் அதிகம், அவ்வளவுதான்."

மாணவிகள் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்துவிட்டார். "நான் நம்பரை மாத்தணுமா?"

"வேணாம் சார். நீங்க ஒண்ணுலயே இருங்க. நான் ஆறுக்குப் போறேன். யாரும் மாத்தாம இருக்க ஒரு சீட்டு மட்டும் ஒட்டிடுங்க."

கீழே வந்து, ஏணியில் தானே ஏறிப் பெட்டியை ஆறுக்கு மாற்றினார். மைக்கையும் ஆறுக்கு மாற்றினார். இறங்கி, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"நம்பர் ஒண்ணு. அறை மூணு."

குரல் பழைய குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் தாழ்வு. ஆனால் கடைசி பெஞ்சில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா தலையைத் தூக்கிப் பக்கத்திலிருந்த மகளிடம், "ஒண்ணு போயாச்சு, நாம எட்டு" என்று சொன்னது பெரிய டாக்டர் காதிலும் விழுந்தது. கோப்பு அறைப் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை.

கூப்பிடும் விதத்தையும் அக்கா மாற்றிக்கொண்டார். அந்தக் கூடத்தில் ஒரே மூச்சில் சொன்னால் எதிரொலி வந்து ஒரு சொல்லை இன்னொரு சொல் விழுங்கிவிடும். அதனால் நம்பர், நிறுத்தம், பேர், நிறுத்தம், அறை. யாரும் எழாவிட்டால் மறுபடி ஒருதரம். அதற்கும் எழாவிட்டால் 'வரவில்லை' என்று உடனே எழுதாமல் பின் பெஞ்சு வரைக்கும் ஒரு ஆளை அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். அந்த மாதக் கடைசியில் கேட்காமல் போனவர் ஒருவர் மட்டும். அவரும் வெளியே டீ குடிக்கப் போனவர்.

திரை வர ஒன்றே முக்கால் வருஷம் ஆனது. வந்த அன்று அக்கா சொன்னபடி தட்டைக் காலி செய்ய ஏணியோடு போய் நின்றார். பெரிய டாக்டர் திரையை எதிர்ச்சுவரில் மாட்டச் சொல்லிவிட்டார். கண்ணுள்ளவர்கள் அதைப் பார்க்கிறார்கள், மற்றவர்கள் அக்காவைக் கேட்கிறார்கள்.

இதற்குள் ஆஸ்பத்திரி முழுக்க விஷயம் பரவிவிட்டது. எந்த வார்டில் பெட்டி மக்கர் செய்தாலும் அதைத் தள்ளிக்கொண்டு அக்காவிடம் வந்துவிடுவார்கள். ஸ்டோர் கீப்பர் ஒரு மேஜையையே அதற்கு ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார், கேட்ட முதல் தடவையிலேயே. இதுவரை நான்கு பெட்டிகளை அக்கா எழுப்பியிருக்கிறார். ஒன்று எழவில்லை. அதையும் அவர் இன்னும் விடவில்லை.

போன வாரம் கண் பிரிவு நர்ஸ் ஒருத்தி வந்தாள். "அக்கா, எங்க பெட்டி ஒரே கொர்ருங்குது. மைக்கை ஆஃப் பண்ணாலும் கொர்ருதான். தூக்கிட்டு வரவா?"

அக்கா பட்டியலிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். "அதே பிளக்ல யாரோட ஃபோன் சார்ஜ் ஆகுது?"

நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "என்னோடதுதான்" என்றாள்.

"போய் அதைப் பிடுங்கிட்டு வந்து சொல்லு" என்றார் அக்கா. மைக்கை எடுத்து, இருபத்திரண்டாம் நம்பரைக் கூப்பிட்டார்.